மாடியில் ஒரு மஞ்சள் புடவை

மகள் நேற்று மலைக்கோட்டை உச்சியிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். கூடவே, “அம்மா பொறந்த வீடு எதுப்பா?” என்று ஒரு கேள்வி. கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எங்கு பார்த்தாலும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள், தகரக் கூரைகள். கொடியில் ஒரு துணிகூட இல்லை.

துணி என்றதும் ஈர மஞ்சள் வாசனை வந்துவிட்டது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, தென்னூரில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே டைப்பிஸ்ட் வசந்தா. அவள் வீடு சின்னக்கடை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். அப்பா பாத்திரக்கடைக்காரர், அவர் கடையில் பாத்திரங்கள்தான் சத்தம் போடும், அவர் பேசமாட்டார். ஆடி கழிந்ததும் வசந்தாவை நிச்சயம் செய்யக் கரூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்குள் அவள் என்னைப் பற்றி அப்பாவிடம் சொல்லியாக வேண்டும்.

“ஆடிப் பதினெட்டு அன்னிக்குப் பேசிடறேன். அப்பா சரின்னுட்டா எங்க மாடியில மஞ்சப் புடவை காயும். நீங்க சந்துல வந்து நிக்காதீங்க, தெருவே பாக்கும். மலை மேலேருந்து பாத்துக்குங்க” என்றாள். என்ன மூளை என்று அசந்துபோனேன்.

திருச்சிக்காரர்கள் விருந்தாளி வந்தால்தான் மலை ஏறுவார்கள், உங்களுக்குத் தெரியாததா? நான் அன்றுதான் எனக்காக ஏறினேன். வௌவால் நாற்றமடிக்கும் படிகளில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, உச்சிப் பிள்ளையாருக்கு அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, எட்டிக் கீழே பார்த்தேன்.

ஊர் முழுக்க மஞ்சள் புடவை.

காலையில் பெண்கள் அத்தனை பேரும் காவிரியில் முழுகிவிட்டு வந்து, உடுத்தியதை அலசிக் காயப் போட்டிருந்தார்கள். ஆடிப் பதினெட்டில் வேறென்ன காயும்? வருஷா வருஷம் பார்த்ததுதான். எங்கள் இரண்டு பேருக்குமே உறைக்கவில்லை. எது அவள் மாடி என்றுகூடப் பிடிபடவில்லை. அரை மணி நேரம் பார்த்ததில் எல்லா மாடியும் சரி என்பது போலவும் இருந்தது, இல்லை என்பது போலவும் இருந்தது. பயமாக இருந்தது.

பொறுக்க முடியாமல் இறங்கி, நேரே போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். அப்பாதான் திறந்தார். அவருக்குப் பின்னால் வசந்தா, அழுத முகத்தோடு. அவள் காலடியில் ஒரு வாளி. அதற்குள் அலசிப் பிழிந்த மஞ்சள் புடவை.

“காலைலேர்ந்து இது வாளியிலயே கெடக்கு” என்றார் அவர். “ஏம்மா காயப் போடலைன்னு கேட்டேன். இப்பதான் எல்லாத்தையும் சொன்னா. நீங்கதானா அது?”

“ஆமாங்க” என்றேன். சொல்லிவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டேன். அத்தனை படி இறங்கியதால்தான் என்று இன்றுவரை சாதித்துக்கொண்டிருக்கிறேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பி, “கொண்டு போய்க் காயப் போடும்மா. ஈரத்துல கெடந்தா நாறிடும்” என்றார்.

வசந்தா வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

நேற்று வசந்தாதான் என் கையிலிருந்து போனை வாங்கி, படத்தில் ஓரிடத்தில் விரலை வைத்தாள். “அன்னிக்கும் உங்களுக்கு வீடு தெரியல, இன்னிக்கும் தெரியல.”

மாமனாரும் இல்லை, மாடியும் இல்லை. அந்த இடத்தில் நான்கு மாடி ஜவுளிக்கடை நிற்கிறது. மஞ்சள் புடவைகள் எல்லாம் உள்ளே, ஏசியில், மடிப்புக் கலையாமல் இருக்கின்றன.