சிக்னல் கிடைக்காத மாப்பிள்ளை

செல்போன் வாங்கிய முதல் மாதமே பில்லைப் பார்த்துப் பயந்துபோனவன் நான். நமக்கு வருகிற காலுக்கும் நாம்தான் காசு கட்டவேண்டும்.

உடுமலையிலிருந்து மாமனார் கூப்பிட்டால் மழை, மாடு, தேங்காய் விலை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் விஷயத்துக்கு வருவார். பெண் கொடுத்தவரிடம் சுருக்கமாகப் பேசுங்கள் என்று சொல்ல முடியுமா?

அதனால் யார் கூப்பிட்டாலும் கட் செய்துவிடுவேன். பிறகு ஆபீஸுக்குக் கீழே பேக்கரியில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயப் போனில் வீட்டுக்குப் பேசி, யார் தேடினார்கள் என்று மனைவியிடம் கேட்டுக்கொள்வேன். மாமனாரிடம் மட்டும், "காந்திபுரத்துல சிக்னலே கெடைக்காதுங்க மாமா" என்று சொல்லி வைத்திருந்தேன்.

இன்று மதியமும் ஒரு கால் வந்தது. கட் செய்துவிட்டு, வழக்கம்போல வீட்டுக்குப் பேசப் பேக்கரிக்குப் போனேன். அங்கே அந்த ஒரு ரூபாய் போனைப் பிடித்தபடி ஒருவர் எனக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். காலடியில் தேங்காய் மூட்டை.

"கட்டாயிப்போச்சுங்க. நம்ம மாப்ளைக்கு இங்க சிக்னல் கெடைக்கறதில்லீங்க, பாவம்" என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே மறுபடியும் எண்ணை அழுத்தினார்.

குரலைக் கேட்டதுமே நான் ஓடியிருக்கவேண்டும். அதற்குள் என் இடுப்பில் மணி அடித்தது.

மாமனார் திரும்பினார். என்னைப் பார்த்தார், இடுப்பைப் பார்த்தார், ரிசீவரை மெதுவாக வைத்தார்.

"வாங்க மாப்ள, சாப்டாச்சுங்களா?" என்றார். பிறகு, "இந்த எடத்துல சிக்னல் நல்லா கெடைக்குதுங்க. இங்கயே நின்னு பேசுங்க."

மூட்டையைத் தூக்கிக்கொண்டு குனிந்த தலையோடு நடந்தேன். கனத்தினால் என்று ஊர் நினைத்துக்கொள்ளட்டும்.

நம் மின்னஞ்சல் குழுவில் இப்படிக் கட் செய்கிறவர்கள் இன்னும் யாராவது இருந்தால் எழுதுங்கள். உடுமலைக்காரர்கள் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.