அந்தோணி அண்ணன் சேர்த்த இரண்டு விரல் ஸ்பாஞ்சு

ரெக்சினில் ஸ்பாஞ்சு ஒட்டுகிற பசை வாசனை வந்தால் எனக்கு இன்றும் திருவொற்றியூர்தான் ஞாபகம். அதோடு கடல் காற்றும் கன்டெய்னர் லாரிப் புகையும் சேர்ந்து ஷட்டர் வழியாக உள்ளே வரும்...

படிப்பு முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. போர் விமானத்தில் ஆபத்து என்றால் பைலட்டை சீட்டோடு வெளியே தூக்கி எறியுமே, அந்த சீட்டின் மாதிரியைச் செய்து சோதிக்கிற சின்னப் பட்டறை. எறிகிற அந்த நொடியில் உடம்பின் எடை பத்து மடங்குக்கு மேல் கூடிவிடும். முதுகெலும்பு தாங்கினால்தான் ஆள் மறுபடி நடப்பார்.

மெத்தை தைத்தவர் ராயபுரத்து அந்தோணி அண்ணன். அதற்கு முன் மாதவரத்தில் லாரி சீட் தைத்துக்கொண்டிருந்தவர்.

ஒருநாள் மாதிரியைப் பார்க்க ஒரு பைலட் வந்தார். முன்பு அப்படி எறியப்பட்டுப் பிழைத்தவராம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார். பார்த்த எங்களுக்கே வலித்தது.

அவர் டீ குடிக்கப் போனதும் அந்தோணி அண்ணன் என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா இது, பலகை மாதிரி கீது. பாவம்மா அந்த மன்சன். ரெண்டு வெரல் ஸ்பாஞ்சு சேத்து வெச்சுடவா?"

வரைபடத்தில் இருந்தது மெல்லிய, கெட்டியான மெத்தை. எனக்கும் மனசு கேட்கவில்லை. தலையாட்டிவிட்டேன். எவ்வளவு பெரிய இன்ஜினியர் பாருங்கள்!

மறுநாள் சோதனை. செங்குத்தாக இரண்டு தண்டவாளம், காற்றழுத்தத்தில் சீட் மேலே பாயும். அதில் ஒரு பொம்மை மனிதர், அவர் இடுப்புக்குள் அளவு காட்டும் கருவி. டமார்... தகரக் கூரையே அதிர்ந்தது.

அளவை இரண்டு முறை பார்த்தேன். பழைய மெத்தையில் தாங்கிய முதுகு, இதில் உடைந்திருக்கும்!

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஸ்பாஞ்சு அமுங்கி முடிக்கும்வரை பொம்மை அசையவே இல்லை. அதற்குள் வேகம் பிடித்த சீட், கீழிருந்து வந்து ஓங்கி அடித்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. கண்ணிமைக்கும் நேரத்துக்குள் இவ்வளவு நடக்கிறதா...

"மெத்துனு வெச்சா அடிக்குது, கெட்டியா வெச்சா காப்பாத்துது... இன்னாம்மா இது!" என்றார் அந்தோணி அண்ணன். பிளேடை எடுத்து அவரே தையலைப் பிரித்தார்.

இப்போது நான் பாதி சோதனையை கம்ப்யூட்டரிலேயே முடித்துவிடுகிறேன். ஏசி அறை, மெத்தென்ற நாற்காலி, கூடவே முதுகுவலி. பட்டறை இருந்த இடத்தில் கன்டெய்னர்களை அடுக்கியிருக்கிறார்கள். அந்த டமார் சத்தத்துக்குக் காது ஏங்குகிறது.

போன மாதம் ஒரு பைலட் சீட்டோடு வெளியேறிப் பிழைத்ததை டிவியில் பார்த்தேன். யார் செய்த சீட்டோ தெரியாது. உடனே அந்தோணி அண்ணனுக்குத்தான் போன் போட்டேன். எந்த விமானம், எங்கே விழுந்தது, எதுவும் அவர் கேட்கவில்லை.

"நடக்குறாராம்மா?"

"நடக்கிறார் அண்ணா. தானே நடந்து போய் வண்டியில ஏறினார்."

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம் நின்றது.

"அப்ப அங்க எவனும் பாவம் பாக்கல போல கீது... நல்ல வேளம்மா."