கிரைண்டர் பணத்தில் வாங்கிய கடல்

கிரைண்டர் வாங்க வைத்திருந்த பணத்தில் என் வீட்டுக்காரர் கடல் வாங்கி வந்தார். எண்பதுகளின் நடுவில், நாகல் நகரில் வாடகை வீட்டில் நாங்கள் இருந்தபோது நடந்தது இது. திண்டுக்கல்லிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் அரை நாள் பஸ்ஸில் உட்கார வேண்டும். அது எனக்கு ஒரு குறையாகத் தெரிந்ததே இல்லை.

எனக்கு இருந்த குறை வேறு. ஆட்டுரலில் ஆட்டி ஆட்டி வலது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கிரைண்டர் இல்லை. ஒன்று வாங்கிவிட்டால் தெருவுக்கே மாவு அரைத்துக் கொடுக்கலாம். படிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டால் பூவுக்கும் பஸ்ஸுக்கும் அம்மா வீட்டுக்குப் போகையில் நாலு பழம் வாங்குவதற்கும் இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். அதற்காகத்தான் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சீட்டுப் போட்டேன். சீட்டு நடந்தது அவர் கணக்கு எழுதிய தோல் பதனிடும் ஷாப்பில். அதனால் அவர் பெயரில் இருந்தது. அதுதான் நான் செய்த முட்டாள்தனம்.

அந்த வருஷம் கூட வேலை பார்ப்பவர்கள் அவரை ராமேஸ்வரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். முப்பது தாண்டியும் மனிதர் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. மற்றவர்கள் தீர்த்தமாடிக்கொண்டிருக்க, இவர் யாரோ ஒருவர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு மீனைப் பார்த்துவிட்டார். ஊருக்குத் திரும்பி இரண்டு நாள் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் ஏதோ செலவு வருகிறது என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நின்றார்.

“இந்தா, கோவப்படாம கேளு. ராமேஸ்வரத்துல பாத்த மீன வீட்டுல வளக்கணும்னு சீட்ட எடுத்துட்டேன்.”

“கிரைண்டர் எங்கங்க?”

“கிரைண்டர் எங்க போகப்போகுது? அடுத்த வருசமும் கடையில இருக்கும்.”

“மீனு மட்டும் எந்திரிச்சு ஓடிருமாக்கும்?”

“தொட்டிக்கு மட்டுந்தான் செலவு. மத்ததெல்லாம் சும்மா கிடைக்கிறது” என்றார்.

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அதை அவர் கவனித்தாரா என்பது சந்தேகம்தான், தொட்டி வேலையில் மும்முரமாக இருந்தார்.

முதல் தொட்டியைப் படத்துக்குக் கண்ணாடி போடுகிற கடையில் செய்தார். அது ஒரு ராத்திரி தாங்கியது. காலையில் தண்ணீர் எல்லாம் என் அரிசி மூட்டைக்கு அடியில் இருந்தது. இரண்டாவது தொட்டி மதுரையிலிருந்து பஸ் மேல் ஏறி வந்தது. அப்புறம் தண்ணீருக்குள் காற்றைக் கொப்புளிக்க விடும் சின்ன மோட்டார். சாயங்காலம் வோல்டேஜ் இறங்கி மோட்டார் முனகியதால் ஒரு ஸ்டெபிலைசர். வீட்டில் டிவி கிடையாது, ஃபிரிட்ஜ் கிடையாது. ஸ்டெபிலைசர் இருந்தது. தொட்டிக்குள் வைக்கச் சங்குக் கடையில் வாங்கிய பவளப்பாறைத் துண்டு ஒன்று வந்தது. கடைசியில் மண்டபம் பக்கத்து வலைக்காரர் ஒருவரிடம் வாங்கிய இரண்டு மீன்கள் பிளாஸ்டிக் பையில் அவர் மடியில் உட்கார்ந்து வந்தன. அவற்றுக்குச் சாப்பிட இறால் வாங்கினார். எங்களுக்குச் சோற்றோடு வெஞ்சனம் கத்தரிக்காய்தான்.

சும்மா கிடைக்கும் என்றாரே, அது கடல் தண்ணீர். தோல் பதப்படுத்த உப்பு வேண்டும். தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரி ஷாப்புக்கு வரும். அந்த டிரைவரிடம் சொல்லி மாதா மாதம் கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். கேனுக்குக் காசு, டிரைவருக்குக் காசு, ஏற்றி இறக்குபவருக்கு டீயும் வடையும்.

முதல்முறை லாரி எங்கள் வீட்டு வாசலில் நின்று கேன்களை இறக்கியபோது தெருவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டது. அப்போது குழாயில் நல்ல தண்ணீர் வாரம் ஒருதரம் வந்தாலே பெரிய விஷயம். வீட்டுக் கிணறும் வற்றிக் கிடந்தது. பக்கத்து வீட்டு அக்கா எல்லோரையும் முந்திக்கொண்டு வந்து, ஒரு கேனைச் சாய்த்து, உள்ளங்கையில் ஏந்திக் குடித்தார். அப்படியே சாக்கடையில் துப்பினார்.

“ஏத்தா, காசு குடுத்தா இத வாங்குறீக?”

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

வெயில் ஏறியது. மீனுக்கு வேர்க்கும் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் சுடுகிறது, மீன் வாயைப் பிளக்கிறது என்று இருந்த ஒரே டேபிள் ஃபேனைத் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தார். நாங்கள் ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். பகலில் கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும். அப்போது சொம்பால் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, திரும்பத் தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி ஊற்றினால்தான் மீனுக்கு மூச்சாம். அவர் ஷாப்பில் இருப்பார். ஊற்றியது நான். ஆட்டுரலில் வீங்கிய அதே கை.

ஃபேன் காற்றில் தண்ணீர் மளமளவென்று வற்றியது. வற்ற வற்ற அவர் கேனைத் திறந்து கடல் தண்ணீரை ஊற்றி மட்டத்தை நிரப்பினார். வேறு எதையும் ஊற்றலாம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. நல்ல தண்ணீரில் கால் கழுவினாலே மாமியார் முதல் வீட்டு ஓனர் வரை கேள்வி கேட்கிற ஊர் இது. குடிக்கிற தண்ணீரை மீன் தொட்டியில் ஊற்றுவதை யாரும் கனவில்கூட நினைக்க மாட்டார்கள். போதாததற்கு, “எங் குடத்துப் பக்கம் வந்தீக, தொட்டியத் தூக்கித் தெருவுல எறிஞ்சிருவேன்” என்று நானும் சொல்லி வைத்திருந்தேன்.

சித்திரையில் ஒரு மீன் செத்தது. மற்றது இரை எடுக்காமல் பாறைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. அவரும் இரை எடுக்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுத் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

“அம்புட்டும் செஞ்சேன். இதுக்கு மேல என்ன செய்யணும்னு தெரியல” என்றார்.

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் கிரைண்டர் அந்தப் பாறைக்கு அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செத்துத் தொலைந்தால் பணமும் போச்சு, மீனும் போச்சு. எழுந்து போய் நானும் எட்டிப் பார்த்தேன். தொட்டியின் விளிம்பு நெடுக வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்தேன். உப்பு. தண்ணீரையும் தொட்டு வைத்துப் பார்த்தேன். நாக்கு வெந்துபோனது. புதுக் கேனைத் திறந்து அதையும் தொட்டு வைத்தேன். அது அந்த அளவுக்கு இல்லை.

அடுப்பில் மறந்துவிட்ட ரசம்தான் நினைவுக்கு வந்தது. சுண்டச் சுண்டத் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே இருக்கும். அதன் தலையில் மாதா மாதம் லாரி வைத்து உப்பை ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“உப்புக் கூடிருச்சுங்க. நல்ல தண்ணி ஊத்தணும்” என்றேன்.

அவர் குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டில் இருந்தது ஒன்றரைக் குடம். குழாயில் எப்போது வரும் என்று முனிசிபாலிட்டிக்கே தெரியாது. நானே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அன்று பூராவும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். ஜன்னல் வழியாகப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா உள்ளேயே வந்துவிட்டார்.

“அடிப் பாவி, குடிக்கிற தண்ணியவா மீனுக்கு ஊத்துற?”

“மீனுக்கு இல்லக்கா. எங் கிரைண்டருக்கு” என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அக்கா போய்த் தன் வீட்டிலிருந்து அரைக் குடம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் மீன் பாறையை விட்டு வெளியே வந்தது. ஒரு இறால் துண்டைக் கவ்வியது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நாங்கள் அன்று குளிக்கவும் இல்லை.

அதற்கப்புறம் மாதா மாதம் கடல் வாங்குவது நின்றது. எப்போதாவது ஒரு கேன், அவ்வளவுதான். மிச்சமான காசில் புதுச் சீட்டுப் போட்டோம். இந்தத் தடவை சீட்டு என் பெயரில். பணத்தை நானே போய் எடுத்தேன், கடைக்கு நானே போய் நின்று பார்த்து வாங்கினேன்.

கிரைண்டர் வந்த அன்று பக்கத்து வீட்டு அக்காதான் முதலில் ஊற வைத்த அரிசியோடு வந்தார். வயரை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. வீட்டில் கிரைண்டர் தாங்குகிற பெரிய பிளக் ஒன்றுதான். அதில் மீனுக்குக் காற்று விடும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் பியூஸ் போய்விடும் என்று வீட்டு ஓனர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

நான் வயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நானாகக் கேட்பதாக இல்லை. “செத்த நேரம் பொறு” என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மீன், தொட்டி, ஸ்டெபிலைசர் எல்லாம் அன்று தெருவில் கிடந்திருக்கும்.

அவர் எழுந்து போய் மோட்டார் வயரைப் பிடுங்கினார். தொட்டியில் கொப்புளம் நின்றது. என் கையிலிருந்த வயரை வாங்கி அவரே சொருகினார். பிறகு அடுக்களையிலிருந்து சொம்பை எடுத்து வந்து, முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு உயரத் தூக்கி ஊற்ற ஆரம்பித்தார்.

கல் சுற்றத் தொடங்கியது. அக்கா கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவுக என்னத்தா செய்றாக?”

“மாவு அரைக்கிறாகக்கா” என்றேன்.