இரண்டு விதைக் காய்

அந்த அக்காவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

தருமபுரியில் ஒரே கல்லூரியில் இருவரும் தாவரவியல் விரிவுரையாளர்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. மதியம் என் டப்பாவிலிருந்து அவர் எடுப்பார், அவர் டப்பாவிலிருந்து நான் எடுப்பேன். அந்த நம்பிக்கையில்தான், வத்தல்மலை ஏறும் ரோட்டோரப் புதரில் காட்டுத்துவரைக் கொடியைப் பார்த்ததும் முதலில் அவரிடம் ஓடினேன். எங்கள் கல்லூரிச் சேகரிப்பில் அது கிடையாது.

"அதே பொதர்ல அதோட பங்காளிக் கொடி ஒண்ணும் ஏறுதுக்கா. எலையும் மஞ்சப் பூவும் ஒண்ணாட்டமே இருக்குது. காயப் பிரிச்சாத்தான் தெரியும். நம்முளுதுல நாலஞ்சு வெத, அதுல ரெண்டுதான்" என்றேன்.

"பூவே போதும் கண்ணு. காய் முத்தற வரைக்கும் வெள்ளாடு வுட்டு வைக்குமா?" என்றார்.

இந்தப் பக்கம் செடி சேகரிக்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான், ஆட்டுக்குப் பயந்து பூவோடு பறித்துவிடுவார்கள். நான் காட்டுத்துவரைக் கொடியைச் சுற்றி மட்டும் வேலாமுள்ளை வெட்டிப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.

அடுத்த மாதம் துறைக் கூட்டத்தில் முதல்வர் அக்காவைப் பாராட்டினார். காட்டுத்துவரையை அவர்தான் கண்டுபிடித்தாராம். அக்கா சிரித்தபடி தலையாட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சண்டை போட்டால் பொறாமைக்காரி என்பார்கள். இரு, உனக்கு வைக்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கல்லூரியில் செடிக் கண்காட்சி வந்தது. அக்கா தானே மலைக்குப் போய் ஒரு கொடியை அறுத்துவந்து, தன் பெயரை எழுதி நடு மேசையில் வைத்தார். காய்கள் குட்டையாக இருந்தன. முள்ளுக்குள் கைவிட யோசித்து, வெளியே எட்டியதைப் பறித்திருக்கிறார். எனக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது.

"நல்லா இருக்குதாடி?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்குதுக்கா" என்றேன். மனசு குளுகுளுவென்று இருந்தது.

வெளியூரிலிருந்து வந்த பேராசிரியை ஒரு காயைக் கிள்ளி நகத்தால் பிரித்தார். இரண்டு விதை. இன்னொன்றைப் பிரித்தார். அதிலும் இரண்டு.

"இது காட்டுத்துவரை இல்லீங்களே" என்றார்.

"அப்போ வத்தல்மலையில அது இல்லவே இல்லீங்களா?" என்று முதல்வர் கேட்டார்.

அக்காவின் முகம் சுண்டிப்போனது. அதைக் கண் நிறையப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். "இருக்குதுங்க. நான் பாத்தது இதுங்க" என்று கைப்பையிலிருந்து முற்றிய காயை எடுத்துப் பேராசிரியையிடம் கொடுத்தேன். அவர் பிரித்ததும் உள்ளங்கையில் ஐந்து விதை உருண்டது. எந்த இடம் என்று முதல்வர் என்னிடம்தான் கேட்டார்.

கூட்டம் கலைந்ததும் அக்கா என்னை ஓரமாக இழுத்தார். கண் கலங்கியிருந்தது.

"காலையிலயே பாத்தியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடி?"

"மொதல்ல ஒருக்கா உங்ககிட்டதானேக்கா சொன்னேன். அத நீங்களே வெச்சுக்கிட்டீங்க" என்றேன்.