அப்பா காணாத பந்துவீச்சு

என் தம்பி இடக்கைக்காரன். சாப்பிடுவதை வலக்கைக்கு மாற்ற அம்மா பட்ட பாடு கொஞ்சமல்ல. சாப்பாடு மாறியது, பந்து எறிவது மாறவில்லை. ரூஜ் பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த பூங்காவில் அவன் எறிந்த பேஸ்போல் பந்துகளைக் கையுறை போட்டுப் பிடித்தது நான்தான். அவனுக்குப் பதினான்கு வயதானபோது என் உள்ளங்கை கன்றிப்போனது. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அமெரிக்கக் கல்லூரி ஒன்று உதவித்தொகை கொடுத்து அவனைக் கூப்பிட்டது. படிப்பு முடிய ஓர் அணி ஒப்பந்தம் செய்தது. இனி அவனைத் தொலைக்காட்சியில் பார்க்கலாம் என்று சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அவன் சேர்ந்ததோ மைனர் லீக்கின் அடித்தட்டு. பெரிய லீக்குக்கு இன்னும் பல படிகள் ஏறவேண்டும். சின்னச் சின்ன ஊர்கள், பத்து மணித்தியாலப் பஸ் பயணம், ஒரு வீட்டில் ஐந்து பேர், தரையில் மெத்தை. "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டால் எப்போதும் "ஓம்" என்பான்.

அப்பாவுக்குப் பிறம்ரன் நகரில், சாமான் அடுக்கும் வெயார்ஹவுஸ் ஒன்றில் வேலை. பேஸ்போல் அவருக்கு முழுதாக விளங்கியதில்லை. ஆனாலும் இடைவேளையில் தம்பியின் அணி வென்றதா என்று போனில் பார்த்துவிட்டுத்தான் தேநீர் குடிப்பார். மூன்றாம் வருடம் தம்பி ஒரு படி ஏறினான்.

"இந்தமுறை நேரை போய்ப் பாக்கவேணும் பிள்ளை," என்றார் அப்பா. வியாழனும் வெள்ளியும் லீவு எடுத்தார். நான் கார் ஓட்டினேன்.

தம்பி, தேவைப்பட்டால் மட்டும் ஆட்டத்தின் பிற்பகுதியில் இறக்கப்படும் வீச்சாளன். இதை அப்பாவுக்குச் சொல்லியிருந்தேன். ஆனாலும் முதல் பந்திலிருந்தே அவர் கண் வேலியோர வாங்கில் முறைக்காகக் காத்திருந்த வீச்சாளர்கள்மேல்தான். வியாழனும் வெள்ளியும் தம்பியைக் கூப்பிடவில்லை. சனி பிற்பகல், ஏழாவது இனிங்ஸில், அவன் எழும்பி ஆயத்தமாக எறியத் தொடங்கினான். அப்பாவும் எழுந்து நின்றார். பின்னாலிருந்தவர் இருக்கச் சொன்னதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

வேறொருவனை இறக்கினார்கள்.

ஆட்டம் முடிந்து மைதான வாசலுக்கு வந்த தம்பி, "சொறி அப்பா," என்று மன்னிப்புக் கேட்டான்.

"உதுக்கென்ன? உன்னை அந்த உடுப்போட கண்டனான். எனக்கு அது காணும்."

நாளைக்கும் நிற்போமா என்று அப்பாவிடம் கேட்டேன். திங்கள் விடிய வேலை என்றார். நான் வற்புறுத்தவில்லை. ஞாயிறு மாலை வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போது தம்பியின் அழைப்பு.

"அக்கா, இண்டைக்கு இறக்கினவை. ரெண்டு இனிங்ஸ். ஒருத்தனும் ரன் எடுக்கேல்லை."

அப்பா போனை வாங்கி, "அடுத்த வருசம் பாப்பம், என்ன?" என்றார்.

அந்தப் பனிக்காலத்தில் அவருக்கு மாரடைப்பு வந்தது. வேலையிடத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார்.

அடுத்த கோடையில் தம்பியின் முழங்கைத் தசைநார் அறுந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் பந்தைத் தொட்டுத் தொட்டுப் பழகினான். பழைய வேகம் வரவில்லை. வசந்தகாலப் பயிற்சி முகாமில் ஒருநாள் காலை அவனை அறைக்குள் கூப்பிட்டு, அணியிலிருந்து விலக்கி அனுப்பிவிட்டார்கள்.

"ரெண்டு நிமிசந்தான் அக்கா. எல்லாரும் கை குடுத்தவை," என்றான். அப்போது அவனுக்கு இருபத்தெட்டு வயது.

இப்போது ஒரு லொறிக் கொம்பனி அலுவலகத்தில் வேலை செய்கிறான். பேஸ்போல் பார்ப்பதில்லை. போன மாதம் அவனுக்குக் கலியாணம் பேச வந்த அன்ரி ஒருவர், "தம்பி முந்தி என்ன செய்தவர்?" என்று கேட்டார்.

"அமெரிக்காவில படிச்சவர்," என்று மட்டும் சொன்னார் அம்மா.

என்னால் பொறுக்க முடியவில்லை. "படிச்சுப்போட்டு ஆறு வருசம் பந்து எறிஞ்சவன். அதுதான் அவன்ரை வேலை," என்றேன்.

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து மாடிக்குப் போய்விட்டான். சொல்லியிருக்கக்கூடாதோ என்று இன்றுவரை தெரியவில்லை. அவனிடம் கேட்கவும் துணிவு வரவில்லை.