ஒரே உயரத்தில் ஒடிந்த ஏழு கம்பிகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். பழைய அலுவலகத்து நண்பர் தபன் போனில் அழைத்தார். "தாதா, விசாலிதி ஆர் நேய்" என்றார். அண்ணா, விசாலிதி இனி இல்லை. விடியற்காலையில் மாரடைப்பு, மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேரமில்லை. நான் பம்ப்பைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மனைவி ஓடி வந்து, "சர்க்கரை இறங்கிடுச்சா?" என்று கேட்டாள். என் வீட்டில் நான் திடீரென்று உட்கார்ந்தால் முதலில் வரும் கேள்வி அதுதான்.

கல்கத்தா அலிப்பூர் அலுவலகத்தில் எங்களோடு வேலை பார்த்தவர்களுக்கு விசாலாட்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவணப் பிரிவைக் கட்டி ஆண்டவர். வங்காளி நண்பர்கள் அக்கா என்று மரியாதையாக 'விசாலிதி' என்பார்கள். அவரைவிட மூன்று வயது மூத்த நானும் அப்படியே கூப்பிட்டேன். பிறந்து வளர்ந்ததெல்லாம் லேக் மார்க்கெட் பக்கம் என்றாலும், வீட்டில் பேசிய தென்காசித் தமிழ் அவர் நாக்கை விட்டுப் போகவில்லை. தேதி போடாத என் விடுப்பு விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பிய புண்ணியவதி. அதற்காக இரண்டு மாதம் அவரோடு பேசாமல் இருந்திருக்கிறேன். செத்துப்போனவர் என்பதற்காக அதை மறைக்கப் போவதில்லை, மறைத்தால் அவருக்கே பிடிக்காது.

எனக்கு சர்க்கரை என்று தெரிந்தபோது டாக்டர் நடக்கச் சொன்னார். முட்டி ஒத்துழைக்கவில்லை. சரி, சைக்கிள் ஓட்டுங்கள் என்றார். என் எடை அப்போது நூற்றெட்டு கிலோ. சாதாரண சைக்கிள் தாங்காது என்று நானே முடிவு செய்து, தடித்த டயர் போட்ட மலை சைக்கிள் ஒன்றை வாங்கினேன். கல்கத்தாவில் ஏது மலை என்று மகன் கேட்டான். நான்தான் மலை என்றேன். சிரித்தான். ஆனால் அந்த ஒரு வருஷம் ஏரியைச் சுற்றி தினமும் ஓட்டியதில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. நெடுநாளைக்குப் பிறகு என் உடம்போடு எனக்குச் சண்டை இல்லாமல் இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி ஒன்று ஒடிந்தது. கரியாஹாட்டில் சைக்கிள் பழுது பார்க்கும் பாபிதா என்ற பாபி அண்ணனிடம் போய் மாற்றி, சக்கரத்தின் கோட்டம் எடுத்துக்கொண்டு வந்தேன். பத்து நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. ஒவ்வொரு முறையும் பாபிதா ஒரு கம்பியை மாற்றுவார், என்னை மேலும் கீழும் பார்ப்பார், "தாதா, ஒஜோன்" என்பார். எடை. நல்ல மனிதர், மனதில் பட்டதைச் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். என் உடம்புதான் கம்பிகளை ஒடிக்கிறது என்று ஆனபிறகு, யாரிடமும் சொல்லாமல் மதியச் சாப்பாட்டை நிறுத்தினேன். மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. படித்த முட்டாள் என்பது என்னைப் போன்றவர்களுக்குத்தான்.

ஐந்தாவது கம்பி ஒடிந்த வாரத்தில் ஆவணப் பிரிவின் வாசலில் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டேன். விசாலிதி என்னை நாற்காலியில் உட்காரவைத்து, தன் டப்பாவிலிருந்த சந்தேஷ் இனிப்பைப் பிட்டு வாயில் திணித்தார். எனக்குப் படபடப்பு அடங்கியதும் என் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிப் பார்த்தார். கனமாக இருந்தது.

"என்னத்துக்கு சார் சாப்பிடாம கெடக்கீங்க?"

சைக்கிளை விற்கப் போகிறேன் என்றேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் விடாமல் கேட்க, கடைசியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த வயதில் ஒரு பெண்மணியின் முன்னால் கண் கலங்கியது வெட்கமாகத்தான் இருந்தது. அவர் எனக்கு ஆறுதல் சொல்லவில்லை. "ஒடியுது, ஒடியுதுன்னு சொல்லுதீங்க. எங்க ஒடியுதுன்னு சொல்ல மாட்டேங்கீங்களே" என்றார். எனக்குத் தெரியாது. ஒடிந்த கம்பிகள் பாபிதாவின் தகர டப்பாவில் கிடந்தன.

விசாலிதி சைக்கிளே ஓட்டத் தெரியாதவர். ஆனால் கோப்பு திறக்கத் தெரியும். ஒரு பழுப்பு அட்டையை எடுத்து, 'பொருள்: பின்சக்கரக் கம்பிகள் அடிக்கடி ஒடிதல்' என்று எழுதி என் கையெழுத்தை வாங்கினார். ஒடிந்த கம்பிகளை எல்லாம், எந்தப் பக்கத்துக் கம்பி என்று பாபிதாவிடம் கேட்டு எழுதிய சீட்டோடு வாங்கி வர வேண்டும், இனி ஒடிவதையும் அப்படியே தேதியிட்ட சீட்டோடு சமர்ப்பிக்க வேண்டும். அதுவரை சைக்கிளை விற்கக் கூடாது. ஒரு மணிக்கு அவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். "காரணம் தெரியாம பாக்குத ரிப்பேர் ரிப்பேரே இல்ல சார், தள்ளிப்போடுதது" என்று அவர் சொன்னதை எங்கள் அலுவலக மாடியில் பலரும் வேறு வேறு விஷயத்தில் கேட்டிருப்பீர்கள்.

அடுத்த ஒரு மாதத்தில் இன்னும் இரண்டு ஒடிந்தன. ஏழாவதைக் கொடுத்த அன்று, சாப்பிட்டு முடித்ததும் அவர் ஏழு கம்பிகளையும் மேசையில் வரிசையாக அடுக்கி, ஒரு முனையை ஸ்கேலால் தட்டிச் சமன் செய்தார். மறுமுனையும் தானாகவே சமனாக நின்றது, ஒரே கட்டு ஊதுபத்தி மாதிரி.

"ஏழும் ஒரே உயரத்துல ஒடிஞ்சிருக்கு. ஏழும் செயின் பக்கம்னு சீட்டுல நீங்களே எழுதியிருக்கீங்க. கனம் அளவெடுத்தா சார் ஒடிக்கும்?"

அன்று மாலையே இருவரும் ஆட்டோ பிடித்து பாபிதாவிடம் போனோம். சைக்கிள் அங்கேதான் இருந்தது. பின்சக்கரத்தின் பல்சக்கரங்களைக் கழற்றச் சொன்னார் விசாலிதி. பாபிதா முனகிக்கொண்டே கழற்றினார், டார்ச் அடித்துப் பார்த்தார், பிறகு முனகலை நிறுத்தினார். அந்தப் பக்கத்தில் இன்னும் ஒடியாத கம்பிகள் பலவற்றிலும் அதே உயரத்தில், நகத்தால் கீறியது போல ஒரு வெட்டு. எதுவோ உள்ளே புகுந்து எல்லாவற்றையும் ஒரே சுற்றில் சீவியிருக்கிறது. வெட்டுப்பட்டவை ஒவ்வொன்றாக உயிரை விட்டுக்கொண்டிருந்தன. செயினை நகர்த்தும் பின் கியரும் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தது.

"இது எப்ப வளைஞ்சது?" என்று விசாலிதி கேட்டார். கம்பிகள் ஒடிய ஆரம்பிப்பதற்கு முந்தைய ஆயுத பூஜை எனக்கு நினைவுக்கு வந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் அடுத்த தெருவின் துர்கா பூஜைப் பந்தலுக்குக் கிளம்பிக்கொண்டிருக்க, நான் சைக்கிளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, லேக் மார்க்கெட்டில் வாங்கிய ஆளுயரச் செவ்வந்தி மாலையை சீட்டிலிருந்து தொங்கவிட்டேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, ஒரு சுற்று ஓட்டினேன். தெருமுனை திரும்புவதற்குள் மாலையின் நைலான் நூல் பல்சக்கரத்தில் சுற்றி, கியரையும் செயினையும் கம்பிகளுக்குள் இழுத்துப் போட்டது. கடகடவென்று ஒரு சத்தம். பூஜை அன்று வண்டிக்கு ஏதாவது ஆனால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? நூலை அறுத்தெறிந்து, கியரைக் கையாலேயே நிமிர்த்தி, எதுவும் நடக்காதது போலத் திரும்பி வந்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. உள்ளூர அபசகுனம் என்று பயந்து, நானே நினைக்காமல் இருந்துவிட்டேன்.

இதையெல்லாம் கரியாஹாட் நடைபாதையில் நின்று ஒப்புக்கொண்டேன். விசாலிதி திட்டுவார் என்று நினைத்தேன். "அபசகுனமும் இல்ல, உங்க உடம்பும் இல்ல சார். நூலு" என்றார். பாபிதா என்னிடம் மன்னிப்புக் கேட்டு, செயின் பக்கத்துக் கம்பிகள் அத்தனையையும் புதிதாகப் போட்டு, கியரை நிமிர்த்திக் கொடுத்தார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒரு கம்பி ஒடியவில்லை. நான் நூற்றெட்டிலிருந்து நூற்றொன்றுக்குத்தான் வந்திருக்கிறேன்.

பாபிதாவிடம் போய்வந்த மறுநாள் விசாலிதி கோப்பில் கடைசிக் குறிப்பை எழுதி என் முன்னால் நகர்த்தினார்: 'காரணம்: மாலை. இனி மாலையைச் சைக்கிளுக்குப் போடலாகாது. தேவைப்படின் ஓட்டுபவர் தாமே அணிந்துகொள்ளலாம். கோப்பு முடிக்கப்பட்டது.' சிரிக்காமல் கையெழுத்து வாங்கினார். அதை அவர் கணவர் சங்கரனும் படித்திருக்கிறார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

போன மாதம் தபன் போனை வைத்ததும் லேக் மார்க்கெட்டுக்குச் சைக்கிளில் போய் ஒரு ரோஜா மாலை வாங்கினேன். சீட்டில் தொங்கவிட எடுத்த கை அப்படியே நின்றது. கழுத்தில் போட்டுக்கொண்டேன். இறந்தவருக்கு வாங்கிய மாலையை உயிரோடிருப்பவன் போட்டுக்கொள்ளக் கூடாது என்று எனக்கும் தெரியும். பூக்காரர் வாயைப் பிளந்தார். கரியாஹாட் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர், "கல்யாணமா தாதா?" என்று வங்க மொழியில் கேட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

விசாலிதி வீட்டு வாசலில் சங்கரன் நின்றிருந்தார். என் கழுத்தைப் பார்த்தார். "ஃபைல்ல எழுதினபடியே வந்திருக்கீங்க" என்றார். அவரே என் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றி, உள்ளே கொண்டுபோய் விசாலிதி மேல் வைத்தார்.

அந்தக் கோப்பு என்னிடம் இருக்கிறது, ஏழு கம்பிகளும் அதில் கட்டிக் கிடக்கின்றன. இன்று காலையும் ஏரியைச் சுற்றி வந்தேன். ஒரு மணி ஆனால் தட்டின் முன்னால் உட்கார்ந்துவிடுகிறேன். எதிரே யாரும் இல்லை என்பது மட்டும் இன்னும் பழகவில்லை.