வேப்பம்பூவோடு வந்த அந்துப்பூச்சி

நான் விலங்கியல் படிப்பித்தவன். ஊரிலிருந்து வந்த வேப்பம்பூப் பொதியை, நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், எங்கள் மோர்னிங்சைட் வீட்டில் பிரித்தபோது ஓர் அந்துப்பூச்சி பறந்தது. பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டேன். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம்.

மனைவி சின்னத் தட்டில் சீனித்தண்ணீர் வைத்தாள். "பாவம், இருந்திட்டுப் போகட்டும்."

"உது இந்தக் குளிருக்குத் தாக்குப்பிடிக்காது," என்றேன். விருந்தினருக்குக் காட்டும் ஆசையில் அதைக் கொன்று, ஊசி குத்திக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன்.

பெட்டியைப் பார்த்த மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நாங்கள் அகதியா வரேக்கையும் குளிருக்குத் தாங்கமாட்டம் எண்டுதானே இஞ்ச எல்லாரும் சொன்னவை. எங்களுக்கு ஆரும் ஊசி குத்தேல்லையே, அப்பா."

பூச்சியின் இனத்தை நான் சரியாகத்தான் அடையாளம் கண்டேன். அதில் இன்றும் சந்தேகமில்லை. இப்போது விருந்தினர் கேட்டால், பெயரோடு, அதைக் கொன்றவன் நான் என்பதையும் சொல்கிறேன்.